சிறுத்தை நலம்

கண்ணாடிக்காரருக்கு அவருடைய அண்ணன் விட்டுப்போனது ஒரு வீடு. அந்த வீட்டின் கொல்லையில் ஓர் இரும்புக் கூண்டு. கூண்டுக்குள் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் பிற்பாடு அவரைப் பாடாய்ப் படுத்தியது. உள்ளே ஏதாவது இருந்திருந்தால் மனிதர் எப்படியாவது சமாளித்திருப்பார்.

அண்ணன் ஊர் ஊராகப் போகும் ஒரு சர்க்கஸில் வேலை பார்த்தவர். சர்க்கஸை இழுத்து மூடியபோது மற்றவர்கள் கூடாரத் துணியையும் நாற்காலிகளையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். அண்ணன் மட்டும் யாரும் சீந்தாத ஒரு கிழட்டுப் பெண் சிறுத்தையைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அதைச் 'சின்னவ' என்றுதான் கூப்பிடுவார். நகர மன்றத்தில் முறைப்படி உரிமம் வாங்கினார், கூண்டு அடித்தார், அது ஒதுங்கிப் படுக்க உள்ளே சிமெண்டில் ஒரு குகையும் கட்டினார். சின்னவளுக்கு அப்போதே பாதிப் பல் கிடையாது. பாலில் ஊறிய ரொட்டியைத் தின்றுவிட்டு வெயிலில் கிடக்கும். ஒருநாள் படுத்தது எழுந்திருக்கவில்லை. அண்ணன் அதைக் கொல்லை மரத்தடியில் புதைத்துவிட்டு, பெற்ற பெண்ணைப் பறிகொடுத்தவர் மாதிரித் தேம்பித் தேம்பி அழுதார்.

"ஆபீஸ்ல போய்ச் சொல்ல வேண்டாமா?" என்று தம்பி கேட்டதற்கு, "எம் பொண்ணு செத்ததை அந்த ஆளுங்க கிட்ட என்னன்னு சொல்றது? போடா" என்றார். சொல்லாமலே அடுத்த வருடம் அவரும் போய்ச் சேர்ந்தார்.

கண்ணாடிக்காரர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மனைவியோடு அங்கே குடிவந்தார். முன்னறையில் மூக்குக்கண்ணாடிக் கடை. கண்ணாடிச் சில்லைத் தேய்க்கும் சக்கரத்தை ஜன்னல் ஓரம் போட்டார். அவசரமாகக் குடிவந்ததற்குக் காரணம் இருந்தது. துறைமுக நகரத்தில் குடியிருந்த ஒரே மகள் வாயும் வயிறுமாக இருந்தாள். மருமகனுக்குக் கப்பலில் வேலை. பிரசவத்துக்கு அவள் இங்கேதான் வரவேண்டும். கண்ணாடிக்காரர் உள்ளறைக்குத் தன் கையாலேயே வெள்ளையடித்தார். தொட்டில் ஒன்று வாங்கிவந்து, யாரும் பார்க்காத நேரத்தில் அதை ஆட்டியும் பார்த்தார்.

வெள்ளை காய்வதற்குள் ஆய்வாளர் வந்துவிட்டார்.

நகர மன்றத்தின் ஆபத்தான விலங்குகள் பிரிவைச் சேர்ந்தவர் அவர். கையில் அட்டை, அட்டையில் தாள், கழுத்தில் விசில். வந்தவர் நேராகக் கொல்லைக்குப் போனார். தரையில் வரைந்திருந்த வெள்ளைக் கோட்டின் மேல் நின்றார். கூண்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"வாசல்ல எச்சரிக்கைப் பலகை இருக்கா?"

"இருக்குங்க."

"கூண்டு பூட்டியிருக்கா?"

"பூட்டியிருக்குங்க."

"இருக்கா?"

எதைக் கேட்கிறார் என்று கண்ணாடிக்காரருக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. "இல்ல சார். அது செத்துப்போச்சு."

அந்த முதுகு கொஞ்சம் யோசித்தது. "கூண்டு பூட்டியிருக்குன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"ஆமா சார்."

"பூட்டின கூண்டிலேர்ந்து எப்படிங்க போகும்?"

"போகலை சார். செத்துப்போச்சு."

"அதையேதான் நானும் சொல்றேன். போகலை. உள்ளதான் இருக்கு." தாளை மூக்குவரை கொண்டுபோய் 'நலம்' என்று எழுதினார்.

"ஒரு தடவை திரும்பிப் பாருங்களேன் சார்."

ஆய்வாளர் பதறிப்போனார். அந்தப் பிரிவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முன்னொரு காலத்தில் ஓர் அதிகாரி சின்னவளை நேருக்கு நேர் பார்த்தாராம். சின்னவள் கொட்டாவி விட்டதாம். அதிகாரி நீண்ட விடுப்பில் போய்விட்டார். மிருகத்தின் கண்ணைப் பார்ப்பது அதைச் சீண்டுவதாகும், ஆகவே ஆய்வு என்பது முதுகைக் காட்டியபடியே நடக்க வேண்டும் என்று அன்றைக்கு வந்த உத்தரவு, இன்றைக்கும் உயிரோடு இருந்தது. சின்னவள் செத்த பிறகும் அண்ணன் உயிரோடு இருந்த நாட்களில் ஆய்வு ஒழுங்காக நடந்திருந்தது. அண்ணன் வாயைத் திறக்க மாட்டார், கோட்டின் மேல் நிற்பவரே கேட்டுக்கொண்டு அவரே எழுதிக்கொண்டு போய்விடுவார்.

போகிற வழியில் ஆய்வாளர் தொட்டிலைப் பார்த்துவிட்டார். தொட்டிலைப் பார்க்கக் கூடாது என்று உத்தரவு எதுவும் இல்லை.

"இது யாருக்கு?"

"மக பிரசவத்துக்கு வர்றா சார்."

"வரக்கூடாதுங்க. உரிமம் இருக்கற வளாகத்துல கர்ப்பிணிங்க, கைக்குழந்தைங்க, சின்னப் பசங்க யாரும் தங்கக்கூடாது. மிருகத்துக்கு இளசு வாசனை ஆகாது" என்றார். மரியாதையான மனிதர். போகும்போது வாசற்கதவை மெதுவாகச் சாத்திவிட்டுத்தான் போனார்.

கண்ணாடிக்காரரின் மனைவி அடுக்களையிலிருந்து வந்து பார்த்தாள். "யாருங்க அந்த முதுகு சார்?" என்றாள். பெயர் நின்றுவிட்டது.

*

பிரிவின் அலுவலகம் பிறப்பு இறப்புப் பதிவு அறைக்கு அடுத்த அறை. வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் தலையைத் தூக்காமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் ஊரின் பெரிய வரைபடம். அதில் ஒரே இடத்தில் சிவப்புத் தலை ஊசி ஒன்று குத்தியிருந்தது. கண்ணாடிக்காரர் அருகில் போய்ப் பார்த்தார். அது அவர் வீடு.

தலைமை அதிகாரி அவரை அன்பாக உட்காரச் சொன்னார்.

"உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா நீங்களும் ஒண்ணை யோசிச்சுப் பாக்கணும். இந்த ஊர்ல இத்தனை வருஷத்துல ஒரு சிறுத்தையாவது ஒரு மனுஷனைக் கடிச்சிருக்கா? ஒரு கீறல்? கிடையாது. ஏன்? எங்க கட்டுப்பாடு அப்படி. பக்கத்து ஊர்ல இப்படி ஒரு பிரிவே கிடையாது தெரியுமா?"

"அங்க யாரையாவது கடிச்சிருக்குங்களா?"

"அங்க சிறுத்தையே கிடையாது. நிர்வாகமே இல்லாத ஊர்ல சிறுத்தை எப்படிங்க இருக்கும்?"

"நம்ம ஊர்ல எத்தனை சார் இருக்கு?"

தலைமை அதிகாரி வரைபடத்தைப் பெருமையோடு பார்த்தார். "ஒண்ணு."

"அந்த ஒண்ணுதான் சார் செத்துப்போச்சு."

அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. ஒருவர் கையிலிருந்த முத்திரை பாதி வழியில் நின்றது. எல்லாத் தலைகளும் நிமிர்ந்து கண்ணாடிக்காரரைப் பார்த்தன. துக்க வீட்டுக்குள் சிரித்துக்கொண்டே நுழைந்துவிட்டவர் போல அவருக்குக் கூசியது.

"அப்படி எடுத்தோம் கவிழ்த்தோம்னு பேசக்கூடாதுங்க" என்று தலைமை அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "அந்தம்மாவுக்கு ரெண்டு பசங்க, படிக்கறாங்க. மூலையில இருக்கறவருக்கு ஆஸ்துமா. நான் வீட்டுக்கு மேல மாடி எடுத்திருக்கேன். இத்தனை பேரும் உங்க சிறுத்தைய நம்பித்தான்… அதாவது, பொதுமக்கள் பாதுகாப்பை நம்பித்தான் உக்காந்திருக்கோம். நீங்க பாட்டுக்கு வந்து செத்துப்போச்சுன்னா எப்படி? சரி, செத்துதுன்னே வச்சுப்போம். உடம்பைக் காட்டுங்க."

கண்ணாடிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உடம்பு இருக்கிறதே. எங்கே இருக்கிறது என்றும் தெரியுமே.

மறுநாள் காலையிலேயே கடப்பாரை மண்வெட்டியோடு ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் கூண்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோண்டியதால் குழி கோணல்மாணலாகப் போயிற்று. கடைசியில் எலும்புகள் வந்தன. கூட வந்திருந்த கால்நடை மருத்துவர் மண்டையோட்டைக் கையில் எடுத்து மண்ணைத் தட்டினார்.

"பாவம், பல்லே இல்ல. இது செத்து ரொம்ப நாளாச்சு."

"அதைத்தான் சார் நான் தலையால அடிச்சுக்கறேன்."

மருத்துவர் ஆய்வாளரின் தாளை வாங்கிப் படித்தார். மீண்டும் மண்டையோட்டைப் பார்த்தார். "ஆனா உரிமத்துல இருக்கற மிருகம் போன வாரம் நலமா இருந்திருக்கே. சார் கையெழுத்துப் போட்டிருக்காரே. போன வாரம் நலமா இருந்தது, ரொம்ப நாள் முன்னாடி எப்படிச் செத்திருக்கும்?"

மண்டையோட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

"அப்ப இது வேற. உங்க அண்ணன் ரெண்டு வளத்திருக்கார்" என்றார் மருத்துவர்.

ஆக, கண்ணாடிக்காரரிடம் இப்போது உரிமம் பெற்ற உயிருள்ள சிறுத்தை ஒன்றும், உரிமம் பெறாத செத்த சிறுத்தை ஒன்றும் இருப்பதாக முடிவாயிற்று. இரண்டாவது குற்றத்தைப் பெரிய மனது பண்ணி மன்னித்தார்கள். எலும்புகளைச் சாக்கில் அள்ளி, அலுவலக இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டக் கொண்டுபோனார்கள். சாக்கைத் தரையில் இழுத்துக்கொண்டு போனார்கள். அண்ணன் அவளை இரண்டு கையிலும் ஏந்திப் போய்ப் புதைத்தது கண்ணாடிக்காரருக்கு ஞாபகம் வந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை.

"நிம்மதியாத் தூங்கிட்டிருந்ததைத் தோண்டி எழுப்பிட்டோம்" என்றாள் மனைவி. அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஏனென்றால் அதற்குப் பிறகுதான் அது தொடங்கியது. ஒரு மத்தியானம் கண்ணாடிக்காரர் சில்லு தேய்த்துக்கொண்டிருந்தார். சக்கரம் கரகரவென்று ஓடியது. நிறுத்தினார். சக்கரம் நின்றது. கரகரப்பு நிற்கவில்லை. கொல்லைப் பக்கத்திலிருந்து, ஏதோ ஒன்று சுகமாக மூச்சு விடுவது போல, ஒரு கணம் கேட்டுவிட்டு அப்புறம்தான் ஓய்ந்தது. எழுந்துபோய்ப் பார்த்தார். வெயில். காலிக் கூண்டு. மூடாத குழி. காக்கை ஒன்றுகூட இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்து தேய்த்தார், அந்தச் சில்லு பாழாயிற்று.

மனைவி கொல்லையில் துணி உலர்த்துவதை விட்டுவிட்டாள்.

*

கண்ணாடிக்காரர் யோசித்தார். ஊரில் எல்லோருக்கும் பார்வை கொடுக்கிறவர் அவர். ஆய்வாளர் தாளை மூக்கில் ஒட்டிக்கொண்டு எழுதுவதைப் பார்த்த அன்றே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அந்த மனிதருக்குப் பார்வை சுத்தமாக இல்லை. திரும்பினாலும் கூண்டுக்குள் இருப்பது சிறுத்தையா சாக்கா என்று அவரால் சொல்ல முடியாது. முதலில் பார்வையைக் கொடுப்போம், திருப்புவதை அப்புறம் பார்ப்போம் என்று முடிவு செய்தார்.

அடுத்த ஆய்வன்று அவரைக் கெஞ்சிக் கூத்தாடிக் கடை நாற்காலியில் உட்காரவைத்தார். எழுத்துப் பலகையைப் பார்க்கச் சொன்னதும் ஆய்வாளர் பழக்கதோஷத்தில் அதற்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நாற்காலியோடு சேர்த்துத் திருப்ப வேண்டியிருந்தது. அளவெடுத்து, தேய்த்து, நல்ல சட்டத்தில் மாட்டி, அதற்கடுத்த ஆய்வன்று கண்ணாடியை அவர் மூக்கின் மேல் வைத்தபோது, ஆய்வாளர் கொல்லையில் கோட்டின் மேல் நின்றுகொண்டிருந்தார்.

"அடேயப்பா" என்றார் ஆய்வாளர். மரத்தை அண்ணாந்து பார்த்தார். "ஒரு மரத்துக்கு இவ்வளவு இலையா? தனித்தனியா இருக்கே!" கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. மேகத்தைப் பார்த்தார், மதில்மேல் போகும் எறும்பைப் பார்த்தார், குழந்தை மாதிரி அப்படியே ஒரு சுற்றுச் சுற்றினார். சுற்றிய வேகத்தில் கூண்டு அவர் கண்ணில் பட்டுவிட்டது.

காலியாக இருந்தது.

கண்ணாடிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். இத்தனை நாள் பட்ட பாட்டுக்கு இதோ விடிவு. ஆய்வாளரின் முகம் வெளுத்தது. அடுத்த நொடி கழுத்து விசிலை வாயில் வைத்து ஊதின ஊதலில் தெருவே எழுந்து நின்றது.

"தப்பிச்சுடுச்சு! சிறுத்தை தப்பிச்சுடுச்சு!"

இல்லாத சிறுத்தை கம்பி நீட்டிவிட்டது என்று ஊர் முழுக்க ஒலிபெருக்கி வண்டி போயிற்று. கதவுகள் அறைந்து மூடிக்கொண்டன. மாலைக்குள் ஊரில் பாதிப் பேர் அதைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள். சலவைக்கடைக்காரர் தன் வெள்ளைப் போர்வைமேல் அது படுத்திருந்த தடத்தைக் காட்டினார். கோழி வளர்க்கும் அடுத்த வீட்டம்மாளுக்கு, நெடுநாளாகக் கணக்கில் வராத கோழிகள் எல்லாம் எங்கே போயின என்று விளங்கிவிட்டது. "அது என்னைப் பாத்துச்சுங்க. ஒரு மாதிரி தெரிஞ்சவங்களைப் பாக்கற மாதிரி பாத்துச்சு" என்று அவள் சொன்னபோது மட்டும் கண்ணாடிக்காரருக்கு உடம்பு சிலிர்த்தது. சின்னவள் அப்படித்தான் பார்க்கும்.

அன்று மகள் ரயிலில் வந்துகொண்டிருந்தாள். 'இல்லாத சிறுத்தைக்கு நான் ஏம்ப்பா பயப்படணும்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பிய பெண். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் ஊருக்குள் இறங்கக்கூடாது என்று நிலையத்தில் தடுத்து, வந்த ரயிலிலேயே ஏற்றிவிட்டார்கள். வழியில் வலி எடுத்துவிட்டது. முன்பின் தெரியாத ஓர் ஊரின் ஆஸ்பத்திரியில், முன்பின் தெரியாதவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, பெண் குழந்தை பெற்றாள். தாயும் சேயும் பிழைத்தது அவர்கள் அதிர்ஷ்டம். சேதி கேட்ட மனைவி மாற்றுப் புடவைகூட எடுத்துக்கொள்ளாமல் ஓடினாள். கண்ணாடிக்காரர் ஓட முடியவில்லை. தப்பிப்போன மிருகத்தின் சொந்தக்காரரை வாசலில் காவல் போட்டு உட்காரவைத்திருந்தார்கள்.

சிறுத்தையைப் பிடித்தது பெரிய கதையில்லை. கூண்டுக் கதவைத் திறந்துவைத்தார்கள். உள்ளே இறைச்சி வைத்தார்கள். எல்லோரும் முதுகைக் காட்டி நின்றார்கள். காலையில் இறைச்சி இல்லை. கதவை இழுத்துப் பூட்டினார்கள். அடுத்த வீட்டம்மாளின் நாய் அந்த வாரம் முழுக்கத் தெம்பாக இருந்தது என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

பாராட்டு விழாவில் தலைமை அதிகாரி பேசினார்: "சிலர் கேட்டார்கள், ஒரே ஒரு சிறுத்தைக்கு இத்தனை ஊழியர்களா என்று. இன்று அவர்களுக்கு விடை கிடைத்திருக்கிறது. தப்பியதே தெரியாமல் தப்பியது, பிடிபட்டதே தெரியாமல் பிடிபட்டது. இடையில் ஒரு உயிருக்கும் சேதமில்லை. இந்தச் சாதனையைக் கண்ணால் காண முடியாது. கண்ணால் காணக்கூடிய எதையும் எங்கள் பிரிவு சாதித்ததில்லை." கைத்தட்டல் ஓய நெடுநேரம் ஆயிற்று. புதிய மேசைகள் வந்தன. வரைபடத்தில் ஊசி இன்னும் பெரிதாயிற்று.

ஒருமுறை தப்பிய மிருகத்துக்கு விதி கடுமை. சிறு குழந்தைகள் வளாகத்துக்குள் கால் வைக்கக்கூடாது. பராமரிப்பாளர் ஒரு ராத்திரிகூட வெளியே தங்கக்கூடாது. விட்டுவிட்டுப் போனால் சிறை. மகளின் ஊருக்குப் போய்த் திரும்ப ஒரு நாள் பற்றாது. மனைவி பேத்தியைப் பார்த்துக்கொள்ள அங்கேயே தங்கிவிட்டாள். வெள்ளையடித்த அறையில் தொட்டில் காலியாகக் கிடந்தது. கொல்லையில் கூண்டு காலியாகக் கிடந்தது. நடுவில் கண்ணாடிக்காரர் இருந்தார்.

*

தனியாக இருக்கிற மனிதனுக்குக் காது நீண்டுவிடும். விதிப்படி தினமும் கூண்டுத் தொட்டியில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றுவார். மாலையில் தண்ணீர் குறைந்திருக்கும். வெயில் குடித்திருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார். குகைக்கு அருகே ஒரு வாடை வரும். அண்ணன் சட்டையில் வரும் அதே வாடை. பட்டப்பகலில், கடையில் ஆள் உட்கார்ந்திருக்கும்போதே, பின்னால் ஏதோ வந்து நிற்பது போலப் பிடரி குறுகுறுக்கும். திரும்ப மாட்டார். அவரும் ஆய்வாளரைப் போல ஆகிவிட்டார். பயந்தார். அதை மறைத்துப் பிரயோசனமில்லை, நன்றாகவே பயந்தார்.

அப்புறம் பயம் பழகிப்போயிற்று. பேச ஆள் வேண்டுமே. "சின்னவளே, இன்னைக்கு பேத்தி தவழ ஆரம்பிச்சுட்டாளாம்" என்று தண்ணீர் ஊற்றும்போது சொல்வார். "பல்லு வந்திருக்காம். உனக்குப் போச்சு, அவளுக்கு வந்துடுச்சு." மனைவி தொலைபேசியில் சொல்வதையெல்லாம் வந்து ஒப்பிப்பார். பேத்தியிடம் தொலைபேசியைக் கொடுத்தால் அவள் மூச்சு மட்டும் விடுவாள். அந்த மூச்சைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்பார். ஏனோ அது அவருக்கு ஏற்கெனவே தெரிந்த மூச்சாக இருக்கும்.

பேத்தி நடந்தாள், பேசினாள். தாத்தா அவளைத் தொட்டதில்லை.

கடைசியில் இரக்கப்பட்டது ஆய்வாளர்தான். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெறவிருந்தார். ஒருநாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"இலையைத் தனித்தனியாக் காட்டினவரு நீங்க. உங்களுக்கு நான் பண்ணினது தப்பு. போறதுக்கு முன்னாடி ஒரு தடவை நேருக்கு நேர் பாக்கறேன். நீங்க கூண்டுக்குள்ள போய் நில்லுங்க. நீங்க முழுசா நின்னா மிருகம் இல்லைன்னு அர்த்தம். தப்பிச்சதுன்னும் சொல்ல முடியாது, பூட்டு பூட்டினபடியே இருக்கும். 'இல்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்னா அப்புறம் யாராலயும் மாத்த முடியாது. எங்க ஆபீஸ்ல எழுதினதை மாத்தற வழக்கமே கிடையாது."

கண்ணாடிக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவிக்குச் சொல்லி அனுப்பினார். ஆய்வு நாளன்று அவள் மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். வளாகத்துக்குள் வர இன்னும் அனுமதியில்லை. பின்சந்தில், கொல்லையின் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றார்கள். அங்கிருந்து பார்த்தால் கூண்டு தெரியும்.

அவர் தலையைப் படிய வாரி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கூண்டுக்குள் போனார். ஆய்வாளர் வெளியிலிருந்து பூட்டினார். கோட்டின் மேல் போய் நின்றார். கண்ணை இறுக மூடி, முருங்கைக்காய் மாதிரி விறைத்துக்கொண்டு, மெல்ல மெல்லத் திரும்பினார். அந்த உத்தரவு வந்த பிறகு பிரிவின் ஊழியர் ஒருவர் மனதறிந்து கூண்டைப் பார்த்து நின்றது அன்றுதான். கண்ணைத் திறந்தார்.

உள்ளே ஒரு வயதான மனிதர் நின்றுகொண்டிருந்தார். பின்னால் இருண்ட குகை. வேறொன்றும் இல்லை.

"இல்லைங்க" என்றார் ஆய்வாளர் அதிசயத்தோடு. "நிஜமாவே இல்லை." தாளில் பேனாவை வைத்தார்.

கண்ணாடிக்காரர் அவரைப் பார்க்கவில்லை. கம்பிக் கதவுக்கு அப்பால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தச் சின்ன உருவத்தையே பார்த்தார். அவருடைய காது அவளுக்கு. அவருடைய அண்ணனின் நெற்றி. இன்று சாயங்காலம் இவள் அந்த அறையில் ஓடுவாள் என்று நினைத்தார்.

பேத்தி அவரைப் பார்க்கவில்லை. அவருக்கு வலமும் இடமும், காலுக்கு அடியிலும் பார்த்தாள். தாத்தா ஏன் வரவில்லை என்று அவள் கேட்கும்போதெல்லாம் பாட்டி சொன்ன பதில் ஒன்றுதான்: தாத்தா சிறுத்தையைப் பார்த்துக்கொள்கிறார். பிறந்ததிலிருந்து அவள் அந்தச் சிறுத்தையின் கதையைக் கேட்டுத்தான் சோறு தின்றாள், அதைக் கேட்டுத்தான் தூங்கினாள். இத்தனை தூரம் ரயிலில் வந்ததும் அந்தச் சிறுத்தையைப் பார்க்கத்தான்.

"சிறுத்த எங்க பாட்டி?" என்றாள். "இல்லயே!" உதடு பிதுங்கியது. "இல்ல! சிறுத்த இல்ல!"

அவ்வளவு படித்த அதிகாரிகளும் மருத்துவரும் பார்க்காததை ஒரு குழந்தை பார்த்துச் சொல்லிவிட்டது. சொல்லிவிட்டு, ஏமாற்றம் தாங்காமல் வீறிட்டு அழுதது. முகம் சிவந்து, மூச்சு உள்ளே போய்த் திரும்பாமல் நின்றது.

கண்ணாடிக்காரர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அழாதடா கண்ணு, தாத்தா இருக்கேன் பாரு என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். சத்தியமாக அதற்குத்தான் திறந்தார்.

வந்தது உறுமல்.

அவர் தொண்டையிலிருந்து வந்ததா, முதுகுக்குப் பின்னால் குகையிலிருந்து வந்ததா என்று அவரால் இன்றைக்கும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. நீளமாக, கரகரப்பாக, பல்லில்லாத வாயிலிருந்து வருவது போல வந்தது. மரத்திலிருந்த காக்கைகள் எழும்பிப் பறந்தன. மகள் பின்வாங்கினாள். மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

குழந்தையின் அழுகை சட்டென்று நின்றது. அவள் முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தாள். கன்னத்தில் நீர் இருக்கும்போதே சிரித்தாள். தாயின் கையை உதறிவிட்டு ஓடிவந்து, இரண்டு உள்ளங்கைகளாலும் கம்பிக் கதவைப் படபடவென்று தட்டினாள்.

"இன்னொரு வாட்டி! இன்னொரு வாட்டி!"

ஆய்வாளர் எப்போதோ திரும்பிக்கொண்டுவிட்டார். கண்ணாடி கழன்று தரையில் கிடந்தது. முதுகு வெடவெடவென்று ஆடியது. பேனா தாளின் மேல் இன்னும் எதையும் எழுதாமல் நின்றது.

"இருக்கா?" என்று கேட்டது அந்த முதுகு.

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். பூட்டு திறக்கும், பலகை இறங்கும், அறையில் தொட்டிலை எடுத்துவிட்டுக் கட்டில் போடலாம். கண்ணாடிக்காரர் அந்த வார்த்தையை நாக்கு நுனிவரை கொண்டுவந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் குழந்தை, தட்டுவதை நிறுத்திவிட்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தது. பிறந்ததிலிருந்து அது அவரிடம் கேட்ட ஒரே பொருள் அதுதான்.

அவர் இன்னொரு முறை உறுமினார். இந்த முறை அவருடைய தொண்டைதான். அதில் சந்தேகமில்லை.

குழந்தை கைகொட்டிச் சிரித்தது.

"இருக்கு சார்" என்றார் கண்ணாடிக்காரர்.

முதுகு குனிந்து எழுதிக்கொண்டது.